பூனை பார்த்தது கடல் அல்ல

என் மருமகள் வளர்க்கும் பூனை, மாலையானால் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கிரிக்கெட் என்றால் அதற்கு உயிர். பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடும்போது அதன் தலையும் கூடவே ஓடும். பந்து திரையின் ஓரத்தில் மறைந்துவிட்டால், எழுந்து போய்ப் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்காரும். அடுத்த பந்துக்கும் இதே கதைதான்.

"மாமா, நீங்க ஜுவாலஜி படிச்சவருதான? இது ஏன் டிவியவே இப்பிடிப் பாக்குது? என்னா புரியும் இதுக்கு?" என்று மருமகள் போன வாரம் கேட்டாள்.

"புரியறதுக்கெல்லாம் பாக்கலம்மா. அசையறத பாக்குது. சின்னதா, வேகமா எது அசைஞ்சாலும் அதுக்கு எலிதான்."

"அப்ப அந்த பேட்ஸ்மேனும் எலியா?" என்று சிரித்துக்கொண்டே அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

நான் சொன்ன பதில் சரியானது. அறுபதுகளில், தொலைக்காட்சி என்ற ஒன்றை எங்கள் பக்கத்தில் யாரும் கண்ணால் பார்த்திராத காலத்திலேயே, அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்ல வேண்டிய இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அதனால் ஒருவன் கடலில் செத்துப்போனான். என் மனைவியிடம்கூட இதை நான் முழுவதுமாகச் சொன்னதில்லை. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி எழுதத்தான் முடியும்.

சிதம்பரத்தில் விலங்கியல் பட்டம் வாங்கிய பிறகு எனக்குக் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய் மக்களுக்குப் படம் காட்டும் வேலை. ஒரு வேன், அதற்குள் ஒரு ஜெனரேட்டர், பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டர் ஒன்று, சுருட்டி வைத்த வெள்ளைத் திரை, சில படச்சுருள்கள், வெற்றிலை மென்றுகொண்டே ஓட்டும் டிரைவர். பெண்ணாடத்தில் கரும்பு விவசாயிகளுக்கு உரம் போடுவது பற்றிய படம், ஸ்ரீமுஷ்ணத்தில் திருவிழாக் கூட்டத்துக்குக் காலரா ஊசி பற்றிய படம், எல்லா ஊரிலும் குடும்பக் கட்டுப்பாடு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கூட்டம் சேர்வதற்காக, கோழி வளர்ப்புப் படம் ஒன்றைப் போடுவேன். அதில் குஞ்சுகள் கும்பல் கும்பலாக ஓடும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

வீடு சிதம்பரத்திலேயே இருந்தது. கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வாடகைக்கு எடுத்த வீட்டில் ஏற்கனவே ஒரு பூனை குடியிருந்தது. வீட்டுக்காரர் அதையும் சேர்த்தே எங்களுக்கு விட்டிருந்தார். ஒரு சனிக்கிழமை, லென்ஸைத் துடைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று புரொஜெக்டரை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மனைவிக்கு ஒரு வேடிக்கை காட்டலாம் என்ற எண்ணமும் உண்டு. கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, வெள்ளையடித்த சுவரில் கோழிப் படத்தை ஓட்டினேன்.

படுத்திருந்த பூனை தலையைத் தூக்கியது. பிறகு வயிறு தரையில் உரச ஊர்ந்து போய் ஒரே பாய்ச்சலாகச் சுவரில் மோதியது.

"ஐயோ, செவுத்த பிராண்டுது பாருங்க! நாளைக்கு வூட்டுக்காரரு வந்து என்னயத்தான் கேப்பாரு" என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

படித்த புத்தி சும்மா இருக்குமா? சோதித்துப் பார்த்தேன். அசையாத படங்களைக் காட்ட ஒரு ஸ்லைடு விளக்கு எங்களிடம் இருந்தது. அதில் ஒரு பெட்டைக்கோழியின் படத்தைப் பெரிதாகச் சுவரில் காட்டினேன். பூனை அதை ஒரு தடவை பார்த்துவிட்டுக் காலை நக்க ஆரம்பித்தது. மறுபடி சுருளை ஓட்டினேன், உடனே வந்து உட்கார்ந்தது. ஒலியை அடைத்தேன், அப்போதும் பார்த்தது. சுருளை நிறுத்தி வெறும் வெளிச்சத்தை மட்டும் விட்டேன், எழுந்து போய்விட்டது. பூனையின் கண் உருவத்தைவிட அசைவைத்தான் முதலில் பிடிக்கிறது என்று அவளுக்கு ஒரு சின்ன பிரசங்கமே செய்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்தத் தை மாதக் கடைசியில் கடலூர் முதுநகருக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தில் படம் போட வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் அந்த மாதத்தில் என் நிகழ்ச்சிகள் இரண்டு நின்றுபோயிருந்தன. ஒன்று ஜெனரேட்டர் கோளாறு, மற்றொன்று ஊரில் சாவு. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "இன்னொன்னு நின்னுச்சுன்னா நீ இதுக்கு லாயக்கில்லன்னு மேல எழுதிடுவேன்" என்று அதிகாரி என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்பவர்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. வாடைக்காற்று மதியத்திலிருந்தே பலமாக அடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். கடல் சாம்பல் நிறத்தில் புரண்டது. கட்டுமரங்களை எல்லாம் மேட்டில் ஏற்றி, கயிறு அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். வேனைப் பார்த்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னிக்கும் கோழிப் படந்தானா சார்? ஆட்டம் பாட்டம் ஒண்ணுமே கெடையாதா?"

"போன தடவ குடும்பக் கட்டுப்பாடு படம் காட்டிட்டுப் போனாரு. அதுக்கப்புறந்தான் இவளுக்கு ரெட்டப்புள்ள!"

"படத்த பாத்தது நானு. எம் புருசன் எங்க பாத்தான்? அவன் தூங்கிட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் விற்பவள். டிரைவர் அவளிடம்தான் வாடிக்கையாக மீன் வாங்குவார். பார்க்கும்போதெல்லாம் அவரை வம்புக்கு இழுப்பவள், அன்று அவரைக் கண்டும் காணாதவள்போலக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக் கட்டுமரம் மட்டும் கரை திரும்பவில்லை. அதில் போனவர்கள் அவள் புருஷனும் அவள் தம்பியும். தம்பி கொஞ்ச காலம் பெண்ணாடத்தில் கரும்பு ஆலையில் வேலை பார்த்துவிட்டு, அது பிடிக்காமல் திரும்பி வந்தவன். "அவனுக்கு மரத்துல நிக்கவே இன்னும் சரியா வரல. மச்சான் இருக்காருன்னு தெகிரியமா போயிட்டான்" என்றாள் டிரைவரிடம்.

குப்பத்தின் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். அவர் என்னிடம் வந்தார்.

"சார், எங்க பசங்க ரெண்டு மரத்த எறக்கிப் பாத்தானுங்க. அலை திருப்பி அடிச்சுப் போட்டுடுச்சு. இனிமே மொதநகர் தொறமொகத்துல இருக்குற மோட்டார் லாஞ்சுதான் போயித் தேடணும். அங்க போவ உங்க வண்டிய வுட்டா வேற வண்டி இல்ல."

"எப்ப போவணும்?"

"இன்னும் கொஞ்சம் பாப்போம். இதே காத்துல ஒதுங்கி ஒதுங்கி வந்தவனும் உண்டு. ஆனா இருட்டுறப்ப முடிவு பண்ணிடணும். ஓதம் ஏறித் தண்ணி ஒசந்திருக்கறப்பதான் லாஞ்சு ஆத்து வாய தாண்டும். தண்ணி எறங்கிட்டா மணல் தட்டும், எவனும் எடுக்க மாட்டான்."

"சரிங்க, சொல்லுங்க. வண்டி தர்றேன்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் சொன்னவுடனேயே என் மனம் கணக்குப் போட்டது. ஜெனரேட்டர் வேனுக்குள் பொருத்தப்பட்டிருந்தது. வேன் போனால் படம் இல்லை. மூன்றாவது நிகழ்ச்சியும் நிற்கும்.

அந்த மீன்காரி வீட்டில் ஒரு பூனை இருந்தது. செங்கல் நிறக் கடுவன், ஒரு காது கிழிந்தது. அதைப் பற்றி டிரைவர் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார். மரம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்தப் பூனை கரைக்கு இறங்கிக் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிடுமாம். அதைப் பார்த்து மற்ற வீட்டுப் பூனைகளும் வந்து உட்காருமாம். பூனைகள் உட்கார்ந்தால்தான் பெண்கள் கூடையை எடுப்பார்கள். காற்றில் வரும் வாடையோ, துடுப்பின் ஓசையோ, எது அதற்கு எட்டியதோ தெரியாது. அந்தக் குப்பத்தில் அதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. மணி பார்ப்பது போல அவர்களுக்கு அது ஒரு பழக்கம்.

மணலில் வேன் இறங்காது என்பதால் மேட்டுப் பாதையிலேயே நிறுத்தினோம். புரொஜெக்டரை அதன் அருகில் ஒரு மேசைமேல் வைத்தேன். திரை கட்ட, தண்ணீருக்குப் பக்கத்தில் வலை உலர்த்தும் கம்பங்கள் இரண்டு வாட்டமாக இருந்தன. அவற்றில் கட்டினோம். பின்பக்கம் கடல், முன்பக்கம் நாங்கள். காற்றில் திரை பாய்போல எங்கள் பக்கம் உப்பியது. நான்கு மூலையிலும் கயிறு போட்டு இழுத்துக் கட்டச் சொன்னேன்.

பொழுது இறங்கியது. நாட்டார் ஒரு கண் கடலிலும் ஒரு கண் என் வேனிலுமாக நின்றார். பெண்கள் கூட்டமாகக் கோயில் பக்கம் ஒதுங்கி நின்றார்கள்.  என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அவர் வாயைத் திறந்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். கை சும்மா இருக்க முடியாமல், படம் கூர்மையாக விழுகிறதா என்று பார்க்கும் சாக்கில் கோழிப் படத்தை ஓட்டினேன்.

குஞ்சுகள் ஓடின. உப்பிய திரையில் அவை வளைந்து நெளிந்து ஓடின.

குடிசைகளின் இடுக்கிலிருந்து முதலில் அந்தச் செங்கல் நிறக் கடுவன் வந்தது. மணலில் பத்திரமாகக் கால் வைத்து நடந்து, திரைக்குக் கொஞ்சம் முன்னால் உட்கார்ந்தது. வாலைக் காலைச் சுற்றி வைத்துக்கொண்டது. பின்னாலேயே ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு, இரண்டு சாம்பல். எல்லாம் வரிசையாக, காதை முன்னால் விடைத்துக்கொண்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்தன.

"ஏ, பூனை உக்காந்துடுச்சு!"

அவள் குரல்தான். அப்படி ஒரு குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. "மரம் வருது! ஏ, அக்கா, பூனை எறங்கிடுச்சு பாரு, மரம் வருது!"

பெண்கள் ஓடி வந்து பார்த்தார்கள். ஒருத்தி குலவையிட்டாள். நாட்டார் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மணலில் அப்படியே உட்கார்ந்தார். "அந்தப் பூனை ஒரு நாளும் தப்புனது இல்ல" என்றார் என்னைப் பார்த்து. "வண்டி வேணாம் சார். நீங்க பாட்டுக்குப் படத்த போடுங்க. அவனுங்களும் வந்து பாக்கட்டும்."

"ஷோ தப்பிச்சுது சார்" என்றார் டிரைவர் என் காதருகில்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. பூனை சினிமா பார்க்கும் என்று அவர்களில் யாருக்குத் தோன்றும்? பூனை கிழக்கே பார்த்தால் மரம் வருகிறது, அவ்வளவுதான். அந்தக் கடற்கரையில் அதற்கு வேறு காரணம் உண்டு என்று அறிந்தவன் நான் ஒருவன் மட்டுமே. எனக்கு அது அந்த நொடியே தெரியும். சந்தேகம் இருந்திருந்தாலும் தீர்த்துக்கொள்ள வழி என் கையருகிலேயே இருந்தது. சுவிட்சைத் தட்டிச் சுருளை நிறுத்தினால் போதும். என் வீட்டில் மனைவி சிரிக்க நான் செய்துகாட்டிய சோதனை.

நான் நிறுத்தவில்லை. ஒருவேளை உண்மையாகவே மரம் வரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாதா என்ன?

கூட்டம் மணலில் உட்கார்ந்தது. ஜெனரேட்டரின் இரைச்சலில் அலையோசைகூடக் கேட்கவில்லை. முதல் சுருள் முடிந்தது. திரை வெறும் வெள்ளையானது. புதுச் சுருளைக் கோக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். பூனைகள் எழுந்தன. வெள்ளைப் பூனை சோம்பல் முறித்தது. இரண்டு சாம்பல் பூனைகளும் குடிசைகளை நோக்கித் திரும்பின. செங்கல் நிறக் கடுவனும் எழுந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்தது.

அப்போது அவள் தண்ணீரோரம் நின்று கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்து, "போடுங்க சார், போடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் பூனைகளைக் கவனிக்கவில்லை.

என் விரல்கள் அதற்குமுன் அவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை. சுருளைக் கோத்து ஓட்டினேன். ஓட்டத் தயாராக இருந்தது காலரா ஊசிப் படம். அதில் ஈக்கள் பறக்கும் காட்சி முதலிலேயே வரும். பூனைகள் திரும்பி வந்து உட்கார்ந்தன.

இதைத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. முன்னது கோழைத்தனம் என்று யாராவது மன்னிக்கலாம். இது அப்படி அல்ல. தெரிந்தே செய்தது.

இரண்டாம் சுருளின் பாதியில் அவள் கையில் அரிக்கேன் விளக்கோடு என் மேசைக்கு வந்தாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"சார், உங்க மெஷினு வெளிச்சத்துல கடல்ல ஏதாச்சும் தெரியுதா?"

"இல்லம்மா. அது துணியோட நின்னுடும்."

"இவ்ளோ நேரம் ஆவாதே சார். பூனை உக்காந்தா கொஞ்ச நேரத்துல வந்துருவாங்க."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. லென்ஸைத் திருகுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"வந்துருவாங்கம்மா" என்றேன்.

"அதான் பூனை உக்காந்திருக்கே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிப் போனாள்.

படங்கள் முடிந்தன. டிரைவர் ஜெனரேட்டரை நிறுத்தினார். திடீரென்று கடல் சத்தம் எங்கள்மேல் வந்து விழுந்தது. கூட்டம் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டது. பூனைகளும் எழுந்தன. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், தத்தம் வீட்டுக்கு நடந்தன. கடைசியாகப் போனது அவள் பூனை. வாலைத் தூக்கிக்கொண்டு அவள் காலருகிலேயே கடந்து போனது.

"ஏய், எங்க போற?" என்றாள். பிறகு கடலைப் பார்த்தாள். "மரம் வரலியே. வராம இது ஏன் எழுந்து போவுது?"

அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரில் இரண்டடி இறங்கிவிட்டுத் திரும்பினாள்.

"அப்ப இவ்ளோ நேரம் எத்த பாத்துச்சு?"

அவள் யாரையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. நாட்டார் கடலைப் பார்த்தார். நான் திரையின் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஈரமாகி முறுக்கேறியிருந்த முடிச்சு வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். வாயில் உப்புக் கரித்தது. 

நாட்டாரையும் அவளையும் ஏற்றிக்கொண்டு முதுநகர் துறைமுகத்துக்கு வேனை விரட்டினோம். வழி முழுதும் அவள் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். லாஞ்சுக்காரர் படகிலிருந்தபடியே கையை விரித்தார்.

"இப்ப வந்து எழுப்புறீங்களே நாட்டாரே! தண்ணி எறங்கிடுச்சு. ஆத்து வாயில மணலு தட்டுது, மேல அலை ஒடையுது. இருட்டுன ஒடனே வந்திருந்தா ஓதத்துலயே தாண்டிப் போயிருப்பேன். ஏன் வரல?"

"பூனை உக்காந்துச்சு" என்றார் நாட்டார்.

லாஞ்சுக்காரரும் கடற்கரை ஆள்தான். அதற்கு மேல் கேட்கவில்லை.

மறு ஓதத்தில்தான் லாஞ்சு கிளம்பியது. அப்போது விடிந்துகொண்டிருந்தது. அதுவரை நாங்கள் நாலு பேரும் துறைமுகத்திலேயே கிடந்தோம். ஆற்று வாய்க்குத் தெற்கே மணல்திட்டில் அவள் புருஷனைக் கண்டெடுத்தார்கள். மரத்தின் கயிறு அறுந்து, பிரிந்துபோன ஒரு கட்டையை இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தான். தம்பி இல்லை.

சாக்கைப் போர்த்தி, சுடச்சுடக் காபித்தண்ணி கொடுத்து உட்கார வைத்தார்கள்.  டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்துத்தான் சொன்னான்.

"நம்ம குப்பத்துக்கு நேராத்தான் கெடந்தோம். அலை ஒடையற எடத்துக்கு அந்தாண்ட. கரையில வெளிச்சம் தெரிஞ்சுது. வெள்ளத் துணி கட்டி நமக்குத்தான் காட்றாங்கன்னு நெனச்சோம். துணியில என்னமோ ஓடுச்சு. மச்சான், ஆளு நடமாடுது பாரு, மரம் எறக்குறாங்கன்னு சொன்னான் ஓந் தம்பி. கத்துனோம். தொண்ட போற மட்டும் கத்துனோம். உங்களுக்குக் கேக்கலியா?"

அவள் நழுவிய சாக்கை இழுத்து அவன் தோளில் போர்த்தினாள்.

"அப்பறம் வெளிச்சம் அணஞ்சு போச்சு. அது அணஞ்சதும் அவன் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சுக் கைய நீட்டிப் பாத்தேன். இல்ல."

அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் யார் என்றே அவனுக்குத் தெரியாது. நான் தள்ளி வந்து வேனின் பின்னால் நின்றுகொண்டேன். ஜெனரேட்டர் இரைச்சலில் அவர்கள் குரலையும் அடைத்தவன் நான். வெளிச்சம் காட்டியவனும் நான், அணைத்தவனும் நான்.

நிகழ்ச்சி நல்லபடி நடந்ததாக அலுவலகத்தில் சொன்னேன். என் வேலை தப்பியது.

காரியமெல்லாம் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு, திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் அவள் எங்கள் வேனை நிறுத்தினாள். கையில் வாய் கட்டிய ஒரு கோணிப்பை இருந்தது. பைக்குள் ஏதோ அசைந்தது.

"சார், பொய் சொன்ன பூனைய வூட்ல வெச்சுக்கக் கூடாதுன்னு மாமியா சொல்லுது. அடிச்சுப் போட மனசு வரல, வளத்த கை. நீங்க ஊர் ஊரா போறவங்க. ரெண்டு ஆத்துக்கு அந்தாண்ட எங்கயாச்சும் வுட்டுடுங்க. ஆத்த தாண்டிட்டா திரும்பி வராது."

பூனை பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்ற வார்த்தைகள் என் நாக்கின் நுனி வரை வந்தன. பக்கத்தில் டிரைவர் இருந்தார். சுற்றிலும் மீன்காரிகள். சொன்னால் அங்கேயே என்னைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். கிழித்திருந்தால் நியாயம்தான். நான் கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டேன்.

"ஏம்மா, சாருகிட்ட பூனைய குடுக்குறியே, மீனு ஒண்ணும் குடுக்க மாட்டியா?" என்று டிரைவர் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் ஒரு கூறு மீனை எடுத்து இலையில் வைத்துக் கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை ரயிலில் சிதம்பரம் போனேன். வெள்ளாற்றுப் பாலம் வரும்வரை பை அசையவே இல்லை. பாலத்தில் வண்டி தடதடத்ததும் உள்ளே ஒரு முறை கத்தியது, அவ்வளவுதான்.

"ஏற்கனவே ஒண்ணு இருக்குதே, இது எதுக்கு?" என்றாள் மனைவி.

"யாரோ குடுத்தாங்க."

அது எங்களிடம் பல வருஷம் இருந்தது. நான் படம் காட்டும் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாத்தியாராகப் போனேன். சம்பளம் கொஞ்சம் குறைவு. ஏன் என்று கேட்டவர்களிடம் அலைச்சல் ஜாஸ்தி என்றேன். அந்தப் பூனை ஒவ்வொரு நாளும் மதியத்துக்கு முன்னால், மரங்கள் கரைக்கு வரும் வேளையில், கொல்லைச் சுவரில் ஏறிக் கிழக்கே பார்த்து உட்காரும். சிதம்பரத்திலிருந்து கடல் தெரியாது, அலையும் கேட்காது. அது கடலைத்தான் நினைத்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அதே நேரத்தில் கிழக்கு வீட்டில் மீன் அலசுவார்கள். அதற்காகவும் இருக்கலாம். படித்தவன் இரண்டையும் சொல்ல வேண்டும். ஆனால் அது அங்கே உட்கார்ந்திருக்கும்போது என்னால் கொல்லைப்பக்கம் போக முடிந்ததில்லை.

வெகுகாலம் கழித்து ஒரு முறை, கூட்டம் கலைந்திருந்த திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். முடி நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"சார், அந்தப் பூனைய ரொம்பத் தூரத்துல வுட்டீங்களா?"

"ரொம்பத் தூரம்மா."

"நல்லதாப் போச்சு. அது வந்து நின்னா எந் தம்பி ஞாபகம் வந்துரும்." கத்தியைக் கழுவிக்கொண்டே, "ஆனா இன்னிக்கும் ஒண்ணு மட்டும் புரியல சார். அன்னிக்கு அது எத்த பாத்துச்சு?" என்றாள்.

இரண்டாவது தடவையாக அவள் கேட்டாள். இந்த முறை என்னையே நேராகக் கேட்டாள். வேலை போகும் பயம் அப்போது எனக்கு இல்லை. அடிப்பதற்கும் அங்கே யாரும் இல்லை. இருந்தும், "யாருக்கும்மா தெரியும்" என்றேன்.

இப்போது அவள் உயிரோடு இருப்பாளா என்று தெரியாது. இருந்தால் என்னைவிட மூத்தவள். இதை யாராவது படித்துக் காட்டினால் நல்லது. பூனை உன்னிடம் பொய் சொல்லவில்லை அம்மா. நான் போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அது அப்போதே தெரியும்.

நேற்று மாலையும் கிரிக்கெட் ஓடியது. பந்து திரையின் ஓரத்தில் மறைந்தது. மருமகளின் பூனை எழுந்து போய்ப் பெட்டிக்குப் பின்னால் தலையை விட்டு நெடுநேரம் தேடியது. "அங்க ஒண்ணும் இல்லடி, வா" என்று மருமகள் கூப்பிட்டாள். அது வரவில்லை. அன்று அந்தக் குப்பத்தில், திரைக்குப் பின்னால் ஒரு தடவை போய்ப் பார்க்க எனக்கும் தோன்றியிருக்கக் கூடாதா.